மூன்றாம் குழி

எங்கள் வீட்டுக்காரர் யானைக்குழிக்குக் காவல் இருந்தவர் என்று சொன்னால் இப்போதுள்ள பிள்ளைகள் சிரிக்கிறார்கள். குழியை யார் தூக்கிக்கொண்டு போய்விடப் போகிறார்கள் என்று கேட்கிறார்கள். நானும் சேர்ந்து சிரித்து வைப்பேன். அதற்குமேல் அவர்களிடம் சொன்னதில்லை.

அப்போது அது சர்க்கார் வேலை. நெய்யாற்றின்கரைக்குக் கிழக்கே, அகத்தியர் மலையின் சரிவுகளில், யானை நடக்கிற தடம் பார்த்துக் குழி வெட்டியிருப்பார்கள். இரண்டு ஆள் ஆழம். மேலே ஈற்றை என்கிற காட்டு மூங்கில் கழிகளைப் பரப்பி, இலை போட்டு, மண் தூவி, அதற்கும் மேலே யானைப்பிண்டத்தை, அதாவது லத்தியை, கொண்டுவந்து போடுவார்கள், மனித வாடை தெரியாமல் இருக்க. அடியில் தழைக்கட்டுகளை மெத்தை போல அடுக்கியிருப்பார்கள். விழுகிற யானைக்கு எலும்பு முறிந்தால் சர்க்காருக்கு நஷ்டமல்லவா, அதற்காக அந்தக் கரிசனம். விழுந்தபின் பழக்கின யானை இரண்டைக் கொண்டுவந்து நிறுத்திக்கொண்டு, குழிக்குள் மரத்தடிகளை ஒவ்வொன்றாகப் போடுவார்கள். தடி போடப் போட உள்ளே இருக்கிற யானை அதன்மேல் ஏறி ஏறி மேலே வந்துவிடும். கழுத்தில் கயிறு விழுந்தால் அது சர்க்கார் யானை. கயிறு போடாமல் தடியை மட்டும் போட்டால் அது தன்பாட்டுக்குக் காட்டுக்குள் போய்விடும். அவ்வளவுதான் வித்தை. ஆள் ஐந்தும் கோடாலி மூன்றும் இருந்தால் ஒரு முற்பகலில் முடிகிற வேலை.

நான் பாறசாலைக்காரி. மிஷன் கோவிலுக்குப் பின்னால் எங்கள் வீடு. ரயில் வருகிற சத்தத்தை வைத்து உலை வைக்கிற ஊர். அங்கிருந்து கல்யாணம் முடிந்த மறுமாதம் மலைக்குக் கொண்டுபோய் விட்டார்கள். பஸ் நின்ற இடத்திலிருந்து ஒரு பகல் முழுக்க நடை. என் தகப்பனார் சர்க்கார் உத்தியோகம் என்ற ஒரே சொல்லில் மயங்கியிருந்தார். அந்த உத்தியோகத்தின் காலில் எத்தனை அட்டை கடிக்கும் என்று அவர் விசாரிக்கவில்லை.

முதல் மூன்று மாதம் நான் அழுதேன் என்று சொன்னால் பொய். எனக்குக் கோபம்தான் வந்தது. உப்பு நீராக உருகிப் போகும். தீப்பெட்டி நமுத்துப் போகும். வெயிலில் போட்ட மரச்சீனிக்கிழங்கு வற்றலைக் கருங்குரங்கு வந்து என் கண் முன்னாலேயே உட்கார்ந்து தின்னும். விரட்டினால் மரத்தில் ஏறி நின்றுகொண்டு என்னை வைதுவிட்டுப் போகும். மிளா மான் ஒன்று தினமும் சாயங்காலம் கிணற்றடிக்கு வந்து, பாத்திரம் கழுவின தண்ணீரில் உப்பு ருசி தேடி நக்கும். அது என்னைக் கண்டு பயப்படுவதை நிறுத்தினபோதுதான் நானும் அந்த மலையைக் கண்டு பயப்படுவதை நிறுத்தினேன் என்று நினைக்கிறேன். வேழாம்பல் என்கிற இருவாச்சிப் பறவை பறந்தால் சிறகுச் சத்தம் ரயில் மாதிரிக் கேட்கும். முதல் தடவை கேட்டபோது ஊர் ஞாபகத்தில் வாசலுக்கு ஓடினேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

நாங்கள் இருந்தது மண்சுவர் வீடு. சுற்றிலும் மூன்று நாழிகை தூரத்துக்கு மலைவாசிகளான காணிக்காரர்களின் குடிகள் மட்டும்தான். அவர்கள் தேனும் கிழங்கும் கொண்டுவருவார்கள். நாங்கள் உப்பும் புகையிலையும் கொடுப்போம். அவர்களுடைய தலைவர் ஒருவர் உண்டு, மூட்டுக்காணி என்பார்கள். ஒல்லியான மனிதர், அதிகம் பேசமாட்டார். குழிகளைத் தினமும் விடியும்போது சுற்றிப் பார்த்து, விழுந்திருக்கிறதா இல்லையா என்று வந்து சொல்வது அவரும் அவர் ஆட்களும்தான். சர்க்கார் யானையைப் பிடிக்க அவர்கள் காவல் நின்றார்கள் என்றாலும் ஒரு யானை விழுந்துவிட்டது என்று சொல்ல வரும்போது அவர் முகத்தில் சந்தோஷத்தை நான் கண்டதில்லை. சாவுத் துஷ்டி சொல்ல வந்தவர் போலத் திண்டில் உட்காராமல் நின்றே சொல்லிவிட்டுப் போவார்.

எல்லைப் போராட்டம் மலைக்கு மேலே வந்து சேர நாள் பிடித்தது. முதலில் அப்பாவின் கடிதமாக வந்தது. ஊரில் கடை அடைப்பு, பஸ் ஓடவில்லை, தமிழ் பேசுகிற தாலுகாக்கள் எல்லாம் மலையாள சர்க்காரை விட்டுத் தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்று ஊர்வலம் போகிறார்கள் என்று எழுதியிருந்தார். எனக்கு ஒரே அண்ணன். பாறசாலைச் சந்தைக்குப் பக்கத்தில் தையல்கடை வைத்திருந்தான். ஊர்வலத்துக்குக் கொடி தைத்துக் கொடுத்தவன், தைத்ததோடு நிற்காமல் அதைத் தூக்கிக்கொண்டும் போயிருக்கிறான். அடுத்த கடிதத்தில், போலீஸ் துப்பாக்கியால் வெடிவைத்தது என்றும், அண்ணனைப் பிடித்து லாக்கப்பில் போட்டு அடிக்கிறார்கள் என்றும் இருந்தது. எந்த லாக்கப் என்று அப்பாவுக்குத் தெரியவில்லை.

பிறகு அது ரேஞ்ச் ஆபீசுக்கும் வந்தது. என் வீட்டுக்காரர் மாதம் ஒருமுறை சம்பளம் வாங்கக் கீழே இறங்குவார். ஒரே பானையில் கஞ்சி குடித்த சக பாரஸ்ட் கார்டுகள் அந்த மாதம் அவரைப் பாண்டி என்று கூப்பிட்டார்களாம். பாண்டிநாடு எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட எங்களுக்குத் தெரியாது. அவருடைய மலையாளம் அவர்களுடையதைவிட நன்றாக இருக்கும். ராத்திரி ஜெபத்தைத் தமிழில் சொன்ன ஒரே குற்றத்துக்குப் பாண்டி. உன் மச்சினன், அந்த அளியன்தானே கொடி பிடித்தவன் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இதை என்னிடம் சொல்லிவிட்டு அவர் செருப்பைக் கழற்றிச் சேறு தட்டிக்கொண்டே இருந்தார். சேறு போனபின்னும் தட்டினார்.

குழிகளைத் திறப்பதற்கும் உத்தரவு வரவேண்டும், மூடுவதற்கும் உத்தரவு வரவேண்டும். பருவம் முடிந்ததும் மேலே கனமான உத்திரங்களைப் போட்டு மூடிவிடுவது வழக்கம், மழைக்காலத்தில் மிருகம் விழுந்து வீணாகச் சாகாமல் இருக்க. அந்த வருஷம் பருவம் முடிந்தது, உத்தரவு வரவில்லை. இவர் இரண்டு முறை எழுதினார். கிணற்றில் போட்ட கல். ஆபீசில் பாதிப் பேர் போலீசுக்குத் துணையாகத் தெற்கே போய்விட்டார்கள் என்று கேள்வி. மழை வந்துவிட்டது, குழிகள் வாயைத் திறந்துகொண்டு கிடந்தன.

ஒருநாள் விடிந்து அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தேன். மூட்டுக்காணி வந்து முற்றத்தில் நின்றார்.

“ஏமானே, மூணாம் குழியில ஆனைக்குட்டி உளுந்து போச்சு. தள்ளை ஆனையும் கூட்டமும் சுத்தி நிக்குது.”

என் வீட்டுக்காரர் சாப்பிடாமல் போனார். என்னை வரக்கூடாது என்று சொல்லியிருந்தார். மத்தியானம் நான் கஞ்சித் தூக்கை எடுத்துக்கொண்டு காணிக்காரப் பெண் ஒருத்தியோடு போனேன். கூட்டம் அப்போது ஓடைப்பக்கம் விலகியிருந்தது. ஆனால் சத்தம் கேட்டது, மூங்கில் ஒடிகிற சத்தம். குழிக்குள் எட்டிப் பார்த்தேன். எருமைக்கன்று அளவுதான் இருக்கும். தலையில் செம்பட்டை மயிர், குழந்தை முடி போலக் குத்திட்டு நின்றது. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்களே, இதற்குத் தந்தம் எந்த இடத்தில் முளைக்கும் என்றே தெரியவில்லை. துதிக்கையை மேலே நீட்டி என் வாசனையைப் பிடித்தது. நான் ஒரு வாழைப்பழத்தைப் போட்டேன். எடுத்துக் கீழே நழுவவிட்டு மறுபடியும் என் வாசனையைத் தேடியது. பால்குடி மாறாத குட்டி என்று அந்தப் பெண் சொன்னாள்.

அன்றே அவர் ரேஞ்சருக்கு ரிப்போர்ட் எழுதி, ஓட்டத்தில் கெட்டியான ஒரு காணிக்காரரிடம் கொடுத்தனுப்பினார். பழக்கின யானையை அனுப்புங்கள், இல்லையென்றால் விட்டுவிட அனுமதி கொடுங்கள் என்று இரண்டே வரி. போனவர் மறுநாள் மத்தியானம் திரும்பினார். ஆபீசில் ரேஞ்சர் இல்லை, குமாஸ்தா ஒருவர் வாங்கி வைத்துக்கொண்டார், ஒன்றும் சொல்லவில்லை.

இதற்குள் நல்ல மழை. குழியில் குட்டியின் முழங்கால் வரை தண்ணீர். மூட்டுக்காணி ஆறேழு ஆட்களோடு கோடாலி எடுத்துக்கொண்டு எங்கள் முற்றத்துக்கு வந்துவிட்டார். தடி வெட்டிப் போட்டால் இருட்டுவதற்குள் ஏறிப் போய்விடும், ஏமான் ஒரு வாக்குச் சொன்னால் போதும் என்றார். இவர் ஒன்றும் யோசிக்கவில்லை. உள்ளே வந்து உத்திரத்தில் செருகியிருந்த கோடாலியை எடுத்தார். நான் வாசலில் குறுக்கே நின்றேன்.

“எங்க போறீங்க?”

“வெள்ளம் கேறுது பிள்ளே. நான் போயிட்டு இப்பம் வாறேன்.”

“உத்தரவு வந்துதா?”

“உத்தரவு வரியது வரைக்கும் அது நிக்காது. பால்குடி மாறாத்தது ஆக்கும்.”

“இஞ்ச பாருங்க. எனக்க அண்ணனை எங்க போட்டு அடிக்கினும்னே தெரியல்ல. நீங்க சர்க்காருக்க ஆனையைக் கேத்தி விட்டா என்ன செல்லுவினும்? பாண்டிக்காரன் வேணும்னே செய்தான்னு செல்லுவினும். வேலையும் போவும், ஆளும் உள்ள போவும். ஒரு மிருகத்துக்கு வேண்டியா நாம தெருவுல நிக்கணும்?”

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். நான் நிறுத்தவில்லை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம், இன்றைக்கும் அப்படித்தான். ஊரில் அப்பா வயதானவர், அண்ணன் வருவானோ மாட்டானோ, உங்கள் சம்பளத்தை நம்பித்தான் இரண்டு குடும்பம் என்றெல்லாம் அடுக்கினேன். எல்லாம் உண்மைதான். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. கடைசியில், “நாளைக்கு உத்தரவு வரும். ஒரு நாள்தானே” என்றேன்.

அவர் கோடாலியைச் சுவரில் சாய்த்து வைத்தார். வெளியே போய்க் காணிக்காரர்களிடம் நாளைக்குப் பார்க்கலாம் என்றார். அவர்கள் அவரைப் பார்க்கவில்லை. மூட்டுக்காணி என்னைத்தான் பார்த்தார்.

“கொச்சம்மா, ஆனைக்குட்டிக்கு உத்தரவு வாயிக்கத் தெரியாது” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மழை பெய்கிறது என்று சொல்வதைப் போலச் சொன்னார்.

அன்று சாயங்காலம் முழங்கால் போட்டு ஜெபம் பண்ணினேன். ஆண்டவரே, நாளைக்கு உத்தரவு வரவேண்டும் என்று கேட்டேன். குட்டி பிழைக்கவேண்டும் என்று கேட்கவில்லை. உத்தரவு வந்தால் குட்டி தானாகப் பிழைத்துவிடும் என்று எனக்குள் ஒரு கணக்கு. ஆண்டவரிடம் போய் ஆபீஸ் வழியாக விண்ணப்பம் போட்ட ஆள் நானாகத்தான் இருப்பேன்.

மூன்றாம் நாளும் யாரும் வரவில்லை. எங்கள் ஆட்டுப்பாலைக் கஞ்சித்தண்ணீரில் கலந்து, மூங்கில் குழாயில் ஊற்றி எடுத்துக்கொண்டு போனேன். காணிக்காரப் பெண் மேட்டில் என்னைத் தடுத்து, மரத்துக்குப் பின்னால் நிறுத்தினாள். குழியின் விளிம்பில் தாய் யானை நின்றுகொண்டிருந்தது. அது முன்காலால் மண்ணைச் சுரண்டிச் சுரண்டிக் குழிக்குள் தள்ளிக்கொண்டிருந்தது. சுரண்டும், நிறுத்தும், துதிக்கையை உள்ளே விட்டுத் தடவிப் பார்க்கும், மறுபடியும் சுரண்டும். பக்கத்தில் கிடந்த கொப்புகளையும் எடுத்து உள்ளே போட்டது. நாங்கள் செய்திருக்க வேண்டிய வேலையைத்தான் அது செய்தது. அதற்கு உத்தரவு தேவைப்படவில்லை. ஆனால் மழை மண்ணைச் சேறாக்கிக் கரைத்துக்கொண்டே இருந்தது. குட்டி ஏறப் பார்த்து ஏறப் பார்த்துச் சரிந்தது. அந்தப் பெண் சேலைத்தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். மூங்கில் குழாயை நான் கொடுக்க முடியவில்லை. தாய் அன்று முழுக்க அந்த இடத்தை விட்டு அசையவில்லை. பாலைத் திருப்பி வீட்டுக்கே கொண்டுவந்தேன். அதை என்ன செய்தேன் என்று ஞாபகம் இல்லை.

நான்காம் நாள் நான் விழித்தபோது பக்கத்தில் அவர் இல்லை. சுவரில் கோடாலியும் இல்லை.

ஓடினேன். அட்டை ஏறியதுகூடத் தெரியவில்லை. போய்ச் சேர்ந்தபோது காணிக்காரர்கள் தீயும் புகையும் காட்டிக் கூட்டத்தைச் சற்று விலக்கியிருந்தார்கள். இவரும் அவர்களும் தடியை உருட்டி உருட்டி உள்ளே போட்டுக்கொண்டிருந்தார்கள். இவருடைய காக்கிச் சட்டை மரக்கொப்பில் தொங்கியது. தடிகள் குழியின் வாய்க்கு ஒரு முழம் கீழே வரை வந்துவிட்டன. இனிமேல் ஏற வேண்டியதுகூட இல்லை, நடந்தால் போதும். ஆனால் குட்டி எழுந்திருக்கவில்லை. தடி உயர உயர ஆட்கள் அதைத் தூக்கித் தூக்கி மேலே கொண்டுவந்திருக்கிறார்கள். அது தடிகளின்மேல் ஒருக்களித்துக் கிடந்தது, கால்கள் நடுங்கின. இவர் உள்ளே இறங்கி, அதன் வயிற்றுக்கடியில் தோளைக் கொடுத்து, எழும்பு மக்கா, எழும்பு மக்கா என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் எங்கள் பிள்ளைகளைக்கூட அந்தக் குரலில் பிற்பாடு கூப்பிட்டதில்லை. நாலு பேர் சேர்ந்து நிறுத்தினார்கள். ஓர் எட்டு வைத்தது. மடங்கியது. உச்சி வெயில் மழைக்குள் லேசாகத் தெரிந்த நேரத்தில் மூச்சு நின்றுவிட்டது.

முந்தின நாள் போட்டிருந்தால் ஏறியிருக்கும். அதற்கும் முந்தின நாள் என்றால் ஓடியே போயிருக்கும். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும்.

தாய்க்கு வழி விட்டு எல்லாரும் விலகி வந்தோம். அது வந்து நின்றதை நான் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு மூட்டுக்காணி சொன்னார், இரண்டு நாள் நின்றுவிட்டு, கொப்புகளை ஒடித்து மேலே போட்டு மூடிவிட்டுப் போயிற்றாம்.

எட்டாம் நாள் பியூன் வந்தார். மேட்டில் அவர் தலைப்பாகையைக் கண்டதும் உத்தரவு, உத்தரவு என்று கத்திக்கொண்டு நான் முற்றத்துக்கு ஓடினேன். இனி அந்த உத்தரவு எதற்கு என்று அந்த நிமிஷம் எனக்கு உறைக்கவில்லை, அத்தனை எதிர்பார்த்திருந்தேன். உறையை இவர் பிரித்துப் படித்தார். யானையைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. போராட்டக்காரர் ஒருவரின் நெருங்கிய உறவினர் என்று தெரியவந்திருப்பதால் வேலையிலிருந்து நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறார் என்று இருந்தது. கையெழுத்தின் கீழே போட்டிருந்த தேதி, குட்டி குழியில் விழுவதற்கு முன்னாலுள்ள தேதி.

குதிரை கீழே தள்ளினதும் அல்லாமல் குழியும் பறித்தது என்பார்கள். எங்களுக்குக் குழி முதலிலேயே பறித்தாகிவிட்டது.

“நாங்க அனுப்பின ரிப்போர்ட்டு?” என்று நான் பியூனிடம் கேட்டேன்.

“ஓ, அதோ? மேசைமேல கெடப்புண்டு. ஆரும் பொட்டிச்சு நோக்கீல்லா” என்றார். உறையை யாரும் பிரித்துக்கூடப் பார்க்கவில்லையாம். நல்ல மனிதர்தான். எங்கள் வீட்டில் கஞ்சி குடித்துவிட்டு, இவர் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

அதிலிருந்து மூன்றாம் நாள் மலையை விட்டு இறங்கினோம். காணிக்காரர்கள் சாமான் சுமந்து பஸ் நிற்கும் இடம் வரை வந்தார்கள். மூட்டுக்காணி என்னிடம் ஒரு குப்பி தேன் கொடுத்தார். அவர் கொடுக்காமல் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

பிறகு நடந்ததெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். அண்ணன் வந்தான், வலது கை விரல் இரண்டு மடங்காது, ஊசி பிடிக்க முடியாது. எல்லை வகுத்தார்கள். விளவங்கோடு தமிழ்நாட்டுப் பக்கம் போயிற்று, எங்கள் ஊர் மலையாளப் பக்கமே நின்றுவிட்டது. அண்ணன் அதன்பிறகு எந்தக் கொடியையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. இவர் மறுபடி சர்க்கார் வேலைக்குப் போகவில்லை. காஞ்சிரங்குளத்தில் ஒரு மரக்கடையில் தடி அளக்கிற வேலைக்குப் போனார். பிள்ளைகள் பிறந்தார்கள், படித்தார்கள். மலைப்பக்கம் நாங்கள் போனதே இல்லை.

அத்தனை வருஷத்தில் அவர் ஒருநாளாவது, நீதானே தடுத்தாய் என்று சொன்னதில்லை. சண்டை வராத வீடா? சாம்பாரில் உப்புக்குச் சண்டை போட்டிருக்கிறோம், பெண்ணின் கல்யாணத்துக்குச் சண்டை போட்டிருக்கிறோம். எந்தச் சண்டையிலும் அவர் அதை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் நானும் பதிலுக்கு நாலு சொல்லிவிட்டு ஆறியிருப்பேன். அவர் பெரிய மனது என்று ஊரெல்லாம் சொல்லும். எனக்கு அந்தப் பெரிய மனதின் கீழே இருக்க மூச்சு முட்டியது.

எழுபது தாண்டி அவருக்குக் கண்புரை ஆபரேஷன் ஆயிற்று. இரண்டு கண்ணிலும் கட்டு. நான் கஞ்சியைக் கரண்டியால் ஊட்டிக்கொண்டிருந்தேன். மழை பெய்துகொண்டிருந்த ஒரு மத்தியானம். அவர் என் முகத்தைப் பார்க்க முடியாது என்பதால் எனக்குத் தைரியம் வந்திருக்க வேண்டும்.

“ஒங்களுக்கு எனக்க மேல கோபம் உண்டா? அந்தக் குட்டிக்க காரியத்துல?”

எந்தக் குட்டி என்று அவர் கேட்கவில்லை. வாயில் இருந்த கஞ்சியை விழுங்கினார்.

“நீ குறுக்க நின்னப்பம் எனக்கு ஆசுவாசமா இருந்துது” என்றார். “எனக்கும் பயம் தான் பிள்ளே. நீ தடுக்காம இருந்தா நான் அஞ்சடி போயி, ஏதாவது செல்லித் திரும்பி வந்திருப்பேன். அதை ஒனக்க கிட்ட செல்ல நாணமா இருந்துது. அதாக்கும் வாய் மிண்டாம இருந்தேன்.”

கரண்டியைக் கிண்ணத்தில் வைத்துவிட்டேன். எனக்கு முதலில் வந்தது கோபம்தான். இத்தனை காலம் ஒரே வீட்டில், ஒரே பாயில், என்னைத் தனியாகக் குற்றவாளியாக விட்டுவிட்டு இந்த மனிதர் பக்கத்தில் படுத்திருந்திருக்கிறார். திட்ட வாயைத் திறந்தேன். கட்டுக்குக் கீழே அவர் கன்னத்தில் தண்ணீர் இறங்கியது. ஆபரேஷன் செய்த கண், அழக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் முந்தானையால் துடைத்துவிட்டேன்.

அன்றைக்கே, அந்த மலைமேல், அவர் அதைச் சொல்லியிருந்தால் இரண்டு பேரும் சேர்ந்து அழுதிருக்கலாம்.